பில்ஸ்னரா, கோதுமை பீரா, ஐபிஏவா, ஸ்டவுட்டா? கோத்தகிரிக் குளிரில் குடித்துப் பார்த்தது

எங்கள் தொழிலில் லிக்கர் என்றால் தேநீர்தான். ஃபேக்டரியில் தினமும் வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களை வரிசையாக வைத்து, தூளை ஊறவைத்து, வடித்த சாற்றைக் கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சித் துப்புகிற வேலை எனக்கு. அதனால் போன மார்கழியில் கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மச்சான், "பீர்ல என்ன மாமா பெரிய வித்தியாசம், ஒண்ணு ஸ்ட்ராங்கு, இன்னொண்ணு லைட்டு, அவ்வளவுதானே" என்றபோது சும்மா இருக்க முடியவில்லை. டீ என்றால் டீதான், ஒன்று கலர் வரும், இன்னொன்று வராது என்று சொல்கிறவர்களிடம் எனக்கு வருகிற அதே எரிச்சல்தான் இதுவும்.

அடுத்த முறை வரும்போது நான் எழுதிக் கொடுத்த நாலு வகையையும் அவனே வாங்கி வந்தான். பில்ஸ்னர், ஜெர்மானிய பாணி கோதுமை பீர், ஐபிஏ என்கிற இந்தியா பேல் ஏல், ஸ்டவுட். குடித்தது நான், மச்சான், பக்கத்து வீட்டு அண்ணன், மூன்று பேர். அண்ணன் பட்டாளத்தில் இருந்து வந்தவர், கேன்டீன் பீர் தவிர வேறு எதையும் மதிக்காதவர். குடிக்காமல் மோந்து மட்டும் பார்த்தது என் மனைவி, எங்கள் நாலு பேரில் அவள் மூக்குதான் கூர்மை. அன்று ராத்திரி யாரும் வண்டி எடுக்கப் போவதில்லை என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். கோத்தகிரி ரோடு தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டாம்.

முதல் கேனைத் திறந்ததுமே பாதி மேஜையில். இதில் பீர் மேல் தப்பு இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த கேன், அதோடு இங்கே ஆறாயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் வீடு வந்து சேரும்போது தலையணை மாதிரி உப்பியிருக்குமே, அதே கதை. மேலே கொண்டுவந்த பீரை ஒரு நாளாவது ஆட்டாமல் வைத்திருந்து திறப்பது நல்லது.

அப்புறம் கிளாஸ். மச்சான் எவர்சில்வர் டம்ளரை எடுத்தான், நான் பிடுங்கி வைத்தேன். நிறமும் நுரையும் தெரியாமல் என்ன ஒப்பீடு? டீக்கடை கண்ணாடி கிளாஸ்தான் சரியாக வந்தது. ஒரு கேனை மூன்று பேர் பங்கிட அளவாக இருக்கும், கையில் அடங்கும், விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் நிறம் தெரியும். சோப்பு வாடை போகக் கழுவ வேண்டும், முறுக்கு தின்ற வாயோடு குடிக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டேன், எண்ணெய் பட்டால் நுரை உடனே செத்துவிடும். அண்ணன் கேட்டார், "துப்பணுமா?" டீயில் துப்புவோம், பீரில் துப்பினால் பாதி ருசி போய்விடும். அதன் கசப்பு விழுங்கின பிறகுதான் முழுசாகத் தெரியும், வாசமும் தொண்டை வழியாகத் திரும்பி மூக்குக்கு வரும். இந்தப் பதில் அண்ணனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பில்ஸ்னரில் ஆரம்பித்தோம். ஆரம்பமே சறுக்கல். பச்சைக் கண்ணாடி பாட்டில், திறந்ததும் எரிந்த ரப்பரும் ஊசின பூண்டும் கலந்த ஒரு நாற்றம். மச்சான் "இம்போர்ட்டட் பீர்னா இப்படித்தான் இருக்கும்" என்றான். இல்லை. கடைக்காரர் வெளிச்சம் படுகிற அலமாரியில் எத்தனை நாள் வைத்திருந்தாரோ. பீருக்குக் கசப்பும் வாசமும் தருகிற ஹாப்ஸ் பூவில் இருந்து வரும் கசப்புப் பொருள் மேல் வெளிச்சம் பட்டால் கந்தகம் சேர்ந்த ஒரு வாடை உண்டாகும், பழுப்புக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுக்கும், பச்சை அவ்வளவாகத் தடுக்காது, கேனுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. நல்லவேளையாக இரண்டாவது பில்ஸ்னர் கேனில் இருந்தது. அது வேறு உலகம். வைக்கோல் நிறம், அடியில் விரல் வைத்தால் மேலிருந்து பார்த்தால் தெரியும், முதலில் ரொட்டி மாதிரி மெல்லிய இனிப்பு, பிறகு நறுக்கென்று ஒரு கசப்பு, நாக்கு சுத்தமாகிவிடும். டீயில் இதைத்தான் பிரிஸ்க் என்போம்.

இதில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. மசாலா டீயில் சுமாரான தூளை மறைக்கலாம், வெறும் வரட்டீயில் முடியுமா? 1842இல், இன்றைய செக் நாட்டில் இருக்கிற பில்சன் ஊரில் யோசஃப் குரோல் என்ற பவேரியக்காரர் முதன்முதலாகக் காய்ச்சியபோது அவருக்கு வாய்த்தது நல்ல மென்மையான தண்ணீர், முளைகட்டிக் காயவைத்த வெளிர் பார்லி மால்ட், அந்தப் பக்கத்து ஹாப்ஸ். இன்று உலகம் முழுக்க, நம் கடை பாட்டில்கள் உட்பட, குடிக்கிற லாகரில், அதாவது குளிரில் புளிக்கவைக்கிற பீரில், பெரும்பகுதி இதன் பேரப்பிள்ளைகள்தான். அந்தப் பேரப்பிள்ளைகளில் பலதில் அரிசியும் மக்காச்சோளமும் கலந்து கசப்பைக் குறைத்துவிட்டதால் பாட்டனாரின் முகஜாடை கொஞ்சம்தான் மிச்சம். லாகர் ஈஸ்ட் 7 முதல் 13 டிகிரிக் குளிரில் மெதுவாக வேலை செய்யும், அதன்பின் வாரக்கணக்கில் இன்னும் குளிரில் கிடக்க வேண்டும். ஐஸ் மெஷின் வராத காலத்தில் வெள்ளைக்காரர்கள் பீர் ஆலைகளை இன்றைய பாகிஸ்தானில் இருக்கிற முரீயிலும் நம் நீலகிரியிலும் மலை மேல் கொண்டுவந்து வைத்ததற்கு இந்தக் குளிரும் ஒரு காரணம், காய்ச்சியது ஏல், அதாவது லாகரைவிடக் கொஞ்சம் சூட்டில் புளிக்கிற பீர், என்றாலும் வெயிலில் அதுவும் கெடும்.

பில்ஸ்னருக்கு நேர் எதிரி கோதுமை பீர். ஹெஃபவைட்ஸென் என்பார்கள், குறைந்தது பாதி கோதுமை மால்ட். வடிகட்டுவதில்லை, அதனால் கலங்கலாக இருக்கும். கிளாஸில் ஊற்றினதும் அண்ணன், "கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கே, கெட்டுப்போச்சா?" என்றார். முக்கால்வாசி ஊற்றிவிட்டு, கேனை லேசாகச் சுழற்றி அடியில் தங்கின ஈஸ்டையும் சேர்த்து ஊற்றுவதுதான் முறை. அந்தச் சமயம் சமையலறையில் இருந்து வந்த மனைவி கிளாஸை மோந்துவிட்டு, "கிராம்பு யாரு போட்டது?" என்று கேட்டாள். யாரும் போடவில்லை. கிராம்பு வாசமும் அதோடு வருகிற வாழைப்பழ வாசமும் ஈஸ்ட் செய்கிற வேலை. கொஞ்சம் சூடாகப் புளிக்க விட்டால் வாழைப்பழம் தூக்கும், குளிர்ச்சியாக விட்டால் கிராம்பு தூக்கும். எனக்கு அன்று கிடைத்தது கனிந்து தோல் கறுத்த மலைவாழையின் வாசம். விருப்பாட்சிப் பழத்தைப் பானைக்குள் மூடிவைத்துத் திறந்தால் வருமே, அது.

டீக்காரர்களுக்கு இங்கே ஒரு சின்னக் கூச்சம் வரவேண்டும். நாங்களும் ஃபேக்டரியில் ஃபெர்மென்டேஷன் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அங்கே ஈஸ்டும் கிடையாது, புளிப்பும் கிடையாது. நசுக்கின கொழுந்து காற்றுப் பட்டுச் சிவக்கிறது, அவ்வளவுதான். பெயர் மட்டும் இரவல்.

கோதுமை பீரில் கசப்பு மிகக் குறைவு. கசப்பை அளக்க ஐபியு என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள், பில்ஸ்னர் 22 முதல் 40 வரை போகும், கோதுமை பீர் 8க்கும் 15க்கும் நடுவில் நின்றுவிடும். முதன்முதலாக வித்தியாசமாக ஏதாவது குடிக்க நினைக்கிறவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன். காரத்துக்கும் இதுதான் ஜோடி, மிளகாய் பஜ்ஜியோடு வைத்துப் பார்த்தோம், நாக்கை ஆற்றிக்கொடுத்தது. அதே பஜ்ஜியோடு ஐபிஏ குடித்த மச்சான் கண்ணில் தண்ணீர் விட்டான், கசப்பும் ஆல்கஹாலும் சேர்ந்து காரத்தை விசிறிவிடும். குறை என்றால் ஒன்று சொல்வேன். இரண்டாவது கிளாஸில் அந்த வாழைப்பழம் அலுத்துவிடுகிறது.

சரி, ஐபிஏ. சண்டை வந்தது இதில்தான். பெயரிலேயே இந்தியா இருப்பதால் மச்சானுக்கு ஒரு பாசம், "நமக்காகவே கண்டுபிடிச்சது மாமா" என்றான். பாதி உண்மை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் வரவேண்டும் என்பதால் ஹாப்ஸை அள்ளிப்போட்டு அனுப்பினார்கள், ஹாப்ஸ் பீரைக் கெடாமல் காக்கும், அது சரி. ஆனால் ஹாப்ஸ் தூக்கலான வெளிர் ஏல் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது, லண்டனில் கப்பல்துறைக்குப் பக்கத்தில் ஆலை வைத்திருந்த ஹாட்ஜ்சன் அதை இந்தியாவுக்கு ஏற்றிவிட்டார், பிறகு பர்ட்டன் ஊர்க்காரர்கள் அவரை முந்திக்கொண்டார்கள். இங்கே அதைக் குடித்தது துரைமார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பெரும்பாலும் குடித்தது போர்ட்டர் என்கிற கறுப்பு பீர். இதைச் சொன்னதும் பட்டாளத்து அண்ணன், "அப்பவும் ஆபீஸர் மெஸ் வேற, நம்ம மெஸ் வேறதான்" என்றார்.

இன்றைய ஐபிஏ பெரும்பாலும் அமெரிக்க பாணி. வாசம் நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினது மாதிரி, பின்னால் பைன் மரப் பிசின். கசப்பு 40 முதல் 70 வரை. பாகற்காயும் சுண்டைவற்றலும் வேப்பம்பூ ரசமும் சாப்பிட்டு வளர்ந்த நமக்குக் கசப்பு புதுசா என்று நினைத்துக் குடித்தால் ஏமாந்துபோவோம், ஏனென்றால் சாப்பாட்டில் கசப்போடு புளியும் உப்பும் நல்லெண்ணெயும் துணைக்கு வரும், ஐபிஏவில் அது தனியாக வந்து நாக்கின் கடைசியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஒன்று சொல்ல வேண்டும், நம் மொழியில் கைப்பும் துவர்ப்பும் தனித்தனியாக இருப்பது இங்கே பெரிய வசதி. டீ துவர்க்கும், ஐபிஏ கைக்கும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் எதையும் ஒழுங்காக ருசி பார்க்க முடியாது.

முதலில் திறந்த ஐபிஏவில் வாசமே இல்லை, வெறும் கசப்பு, அடுப்பில் மறந்துவிட்ட டீ மாதிரி. "இதுக்கா இவ்வளவு பில்டப்பு" என்றான் மச்சான். கேனைத் திருப்பித் தேதியைப் பார்த்தேன், ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஹாப்ஸ் வாசம்தான் முதலில் பறக்கும், கசப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. பழசானால் மிஞ்சுவது தண்டனை மட்டும். இரண்டு வாரம் கழித்து, போட்டு ஒரு மாதம்கூட ஆகாத கேன் ஒன்று கிடைத்தது, அதே பிராண்டு, திறந்ததும் அறை முழுக்க நார்த்தங்காய். பழைய கேனைக் குடித்துவிட்டு எனக்கு ஐபிஏ ஆகாது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர், அவர்களில் பாதிப் பேருக்கு ஆகாதது ஐபிஏ இல்லை. எனக்கும் ஒரு கிளாஸுக்கு மேல் இறங்காது என்பது தனி விஷயம். அண்ணன் மூன்றாவது வாயில் கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டார். மச்சான் அதன் பிறகு இதற்குத்தான் பக்தன்.

ஸ்டவுட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். கறுப்பைப் பார்த்ததும் மச்சான், "இதுதான் மாமா செம ஸ்ட்ராங்கா இருக்கும்" என்றான். கேனைக் காட்டினேன், 4.2 சதவீதம். அன்று மேஜையில் இருந்ததிலேயே குறைவு. அவன் வழக்கமாகக் குடிக்கிற மஞ்சள் ஸ்ட்ராங் பீர் 8 வரைக்கும் போகிற ரகம். நிறத்தை வைத்துப் போதையைக் கணக்குப் போடுவது, டீ கறுப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்று நினைப்பது மாதிரி. இந்தக் கறுப்பு வறுத்த பார்லியில் இருந்து வருகிறது, காபிக் கொட்டையை வறுக்கிற மாதிரியேதான். டீயில் சூடு அதிகமாகி லேசாகக் கருகின வாசம் வந்தால் பேக்கி என்று சொல்லி விலையைக் குறைப்போம். அங்கே குற்றம், இங்கே அதுதான் ஆளே.

ஆனால் முதல் கிளாஸ் தோல்வி. நாலு வகையையும் ஒரே ஃப்ரிட்ஜில் போட்டது என் தப்பு. 4 டிகிரியில் ஸ்டவுட் ஊமை, தண்ணீர் கலந்த டிகாஷன் மாதிரி இருந்தது. மிச்சத்தை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு ஐபிஏ சண்டையைத் தொடர்ந்தோம். முக்கால் மணி நேரம் கழித்து அறைக் குளிருக்கு வந்திருந்தது, 12, 13 டிகிரி இருக்கலாம், இப்போது எடுத்து மோந்தால் புதுசாக இறக்கின டிகாஷன், இனிப்பில்லாத சாக்லேட், கொஞ்சம் அடுப்புக்கரி. அதே கேன், அதே கிளாஸ். நைட்ரஜன் ஏற்றின ரகம் என்பதால் நுரை பாலாடை மாதிரி தடிமனாக நின்றது, பொடிப்பொடியான குமிழ், நாக்கில் கேஸ் குத்தாது.

என் கட்சி இதுதான். கீழே சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஸ்டவுட்டைச் சரியான பதத்தில் குடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும், வெயிலில் இதைக் குடிக்க மனசும் வராது. மலையில் டிசம்பர் ராத்திரியில் ஜன்னல் மேடையே போதும், ஃப்ரிட்ஜ் வேண்டாம். பில்ஸ்னருக்கு நல்ல வெயில் வேண்டும், சித்திரையில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் அதுதான் ராஜா. கோதுமை பீர் மத்தியானத்துக்கு, பஜ்ஜியோடு. ஐபிஏ தேதி பார்த்து வாங்கத் தெரிந்தவனுக்கு. கோத்தகிரி ராத்திரிக்கு ஸ்டவுட், இதில் நான் யாரோடும் பேரம் பேசத் தயாராக இல்லை.

மச்சான் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணன் எதுவும் சொல்லாமல் தட்டில் இருந்த வர்க்கியை எடுத்து, டீயில் முக்குகிற மாதிரி ஸ்டவுட்டில் முக்கினார். எண்ணெய் பட்டு நுரை அடங்கிப்போனது. சட்டத்தை ஞாபகப்படுத்தலாம் என்று வாயெடுத்தேன், அதற்குள் அவர் அடுத்த வர்க்கியை எடுத்திருந்தார்.