வெள்ளை அடிக்க 26,600 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன்: செயலி மூலம் பெயிண்ட் வேலைக்கு ஆள் அழைக்கும் மதுரைக்காரர்கள் கவனத்திற்கு

நேற்று மாலை, என்னிடம் டியூஷன் படிக்கும் சிறுமி ஒருத்தியின் தாய், மகளின் கருநீலச் சீருடையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். சட்டையின் முதுகுப் பக்கம் முழுவதும் மாவில் புரட்டி எடுத்ததைப் போல வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. "டீச்சர், தினமும் இதைத் துவைக்க முடியவில்லை" என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் முகத்தைத் தூக்கி அவரைப் பார்க்க முடியவில்லை. 26,600 ரூபாய் செலவழித்து வெள்ளை அடித்த சுவரில் சாய்ந்ததால் வந்த பொடி அது. அந்த ஆத்திரம் அடங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். சிறிய அறைக்கு வெள்ளை அடிக்க நினைப்பவர்கள் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எங்கள் வீடு தெற்கு வெளி வீதிக்குத் தெற்கே, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டிய பழைய வரிசை வீடுகளில் ஒன்று. முன்னறை பத்தடி நீளம், ஒன்பதடி அகலம், பத்தடி உயரம். அதே அளவில் பின்னால் இன்னோர் அறை. முன்னறைக்கு இருப்பது ஒரே ஜன்னல், அதுவும் வடக்கே நாலடிச் சந்தைப் பார்த்தது. அந்த அறையில்தான் பதினான்கு பிள்ளைகள் மூன்று பக்கச் சுவர்களிலும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து படிக்கிறார்கள். மாமனார் காலத்தில் அடித்த கரும்பச்சை, மத்தியானம் இரண்டு மணிக்கே விளக்குப் போட வைக்கும். கண்ணில் புரை அறுவை செய்துகொண்ட என் அத்தை, அந்த அறைக்குள் வரும்போதெல்லாம் சுவரைத் தடவிக்கொண்டுதான் நடப்பார். ஒரு பிள்ளைக்கு மாதம் 300 ரூபாய் என்று வாங்கும் கட்டணத்தில் மிச்சம் பிடித்து, இரண்டு அறைக்கும் வெள்ளை அடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் செயலி ஒன்றில் பதிவு செய்தேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. மறுநாளே அளவெடுக்க ஓர் இளைஞர் வந்தார். அவரை நான் நம்பிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாந்த இடம் அதுதான். வாசலிலேயே காலணியைக் கழற்றினார். அத்தை கொடுத்த மோரை நின்றுகொண்டே குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தார். பிறகு அறையின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்து, "அக்கா, ரூம் சின்னதில்ல. சுவருதான் வெளிச்சத்த முழுங்குது" என்றார். எத்தனையோ வருடங்களாக எனக்குச் சொல்லத் தெரியாமல் இருந்ததை ஒருவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டதாக எனக்குப் பட்டது.

அதன்பின் அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. நல்ல வெள்ளை, தன்மேல் படும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும் என்றார். அப்படித் திரும்பும் வெளிச்சம் மூலைகளில் தேங்கும் நிழலைக் கரைத்துவிடுவதால், சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாமல் அறை அகலமாகத் தோன்றும் என்றார். மேல்தளத்துக்கும் சுவருக்கும் ஒரே வெள்ளையைக் கொடுத்தால் இரண்டும் சேரும் கோடு மறைந்து உயரம் கூடினாற்போல் இருக்கும் என்றார். வடக்கு ஜன்னலில் வருவது நேர் வெயில் இல்லை, வானத்தின் நீலங்கலந்த வெளிச்சம் என்பதால் சுத்த வெள்ளை சாம்பல் பூத்ததுபோல் தெரியும், அதனால் ஒரு துளி மஞ்சள் கலந்த வெள்ளையே பொருந்தும் என்று நிற அட்டையை ஜன்னலோரம் பிடித்துக் காட்டினார். பிள்ளைகள் சாய்கிற சுவர் என்பதால் ஈரத்துணியால் துடைக்கக்கூடிய எமல்ஷன் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும் என்றும் அவரே சொன்னார். பிற்பாடு நான் விசாரித்த அளவில் இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. இவ்வளவு தெரிந்தவர், தெரிந்ததைச் செய்வார் என்று நான் நம்பிவிட்டேன்.

லேசர் கருவியை நாலு பக்கமும் காட்டி 950 சதுர அடி என்றார். சதுர அடிக்கு 28 ரூபாய் வீதம் மொத்தம் 26,600 ரூபாய். பழைய பெயிண்டைச் சுரண்டுவது, பிரைமர் என்ற அடிப்பூச்சு ஒரு கை, மேடுபள்ளத்தை நிரப்பிச் சமப்படுத்தும் பட்டி இரண்டு கை, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, துடைக்கக்கூடிய எமல்ஷன் இரண்டு கை, ஒரு வருட உத்தரவாதம் எல்லாம் இதில் அடக்கம் என்றார். 26,600 ரூபாய் என்பது என் ஆறு மாத டியூஷன் வருமானத்தைவிட அதிகம். 15,000 ரூபாயை அன்றே முன்பணமாகச் செயலி வழியாகக் கட்டினேன்.

சித்திரைத் திருவிழா முடிந்து, பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டிருந்த சமயத்தில் வேலை நடந்தது. அளவெடுத்த இளைஞர் வரவில்லை. வேறு இருவர் வந்தார்கள். சுரண்டும் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பெயிண்ட் வாளிகளின் மூடி ஏற்கெனவே திறந்திருந்ததைக் கேட்டதற்கு, கடையில் மெஷினில் கலர் கலந்து வந்தது என்றார்கள். தூசி பறக்கும் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்றாம் நாள் இரவு ஏழு மணிக்குக் கதவைத் திறந்து டியூப் லைட்டைப் போட்டபோது, உண்மையாகவே அறை இரண்டு மடங்காகிவிட்டதுபோல் இருந்தது. அத்தை சுவரைத் தொடாமல் நடு அறை வரைக்கும் நடந்து வந்து நின்று, "பெரிய வீட்டு நடுக்கூடத்துல நிக்கிற மாதிரி இருக்குடி" என்றார். அந்த வார்த்தையைக் கேட்ட சந்தோஷத்தில் மீதி 11,600 ரூபாயையும் அங்கேயே நின்று கைபேசியில் அனுப்பினேன், செயலி கேட்டபடி ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தபோது, வெள்ளைக்குக் கீழே பழைய பச்சை திட்டுத்திட்டாகத் தெரிந்தது. காய்ந்ததும் சரியாகிவிடும் என்று செயலியில் பதில் வந்தது. மே மாதக் கோடை மழை ஒன்று கொட்டிய இரவுக்குப் பிறகு, மேற்குச் சுவரின் அடிப்பகுதியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கொப்புளம் கிளம்பியது. விரல் பட்டதும் வடகத் தோல் போல உரிந்து வந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்து பிள்ளைகள் வந்து சாய்ந்த முதல் நாளே பதினான்கு முதுகும் வெள்ளை.

எங்கள் தெருவில் முப்பது வருடமாகப் பெயிண்ட் அடிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். அவர் ஈரத்துணியை எடுத்து ஒரே இடத்தில் ஐந்தாறு முறை தேய்த்தார். துணியில் பால்போல வெள்ளை இறங்கியது. தேய்த்த இடத்தில் பச்சை பளிச்சென்று தெரிந்தது. இடையில் பிரைமரும் இல்லை, பட்டியும் இல்லை. ஆணி அடித்த ஓட்டைகளில் மட்டும் பட்டி வைத்திருக்கிறார்கள். "இது எமல்ஷனே இல்லம்மா, டிஸ்டெம்பர். அதுலயும் தண்ணி சாஸ்தி" என்றார். வெள்ளைப் பெயிண்டுக்குக் கீழே உள்ளதை மூடுகிற வலு டைட்டானியம் டை ஆக்ஸைடு என்ற நிறமியால் வருகிறது. அது விலை கூடியது. மலிவான டிஸ்டெம்பரில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் பொடிதான். அந்தப் பொடியைச் சுவரில் பிடித்து வைக்கும் பசையும் குறைவு என்பதால் தொட்டால் உதிர்கிறது. கரும்பச்சைக்கு மேல் பிரைமர் இல்லாமல் அதை அடித்தால் எத்தனை கை அடித்தாலும் பச்சை எட்டிப் பார்க்கும். ஓதம், அதாவது ஈரம், ஏறும் சுவரை முதலில் சரிசெய்யாமல் எதை அடித்தாலும் உரியும் என்றும் சொன்னார்.

முதுகில் ஒட்டும் வெள்ளை எனக்குப் புதிதல்ல. என் சின்ன வயதில் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பைக் கரைத்து, ஒரு சிட்டிகை நீலம் சேர்த்து, நாங்களே அடிப்போம். ஒரு மாதம் வரை உடுப்பெல்லாம் ஒட்டும். அது ஒட்டாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே 26,600 ரூபாய் கொடுத்தேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மஹாலின் தூண்கள் நிற்கின்றன. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் குழைத்துப் பூசித் தேய்த்த மெருகு அது. வெள்ளை என்றால் அடியில் செய்யும் வேலை என்பதற்கு இந்த ஊரில் அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆண்டுதோறும் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகிற எனக்கு அது தோன்றாமல் போய்விட்டதே என்பதுதான் மனதை அறுக்கிறது.

பெரியவர் சொன்ன பிறகு நானே நாடாவைப் பிடித்து அளந்தேன். ஓர் அறைக்கு நாலு சுவரும் 380 சதுர அடி. கதவுக்கும் ஜன்னலுக்கும் 40 கழித்து, மேல்தளம் 90 கூட்டினால் 430. இரண்டு அறைக்கும் 860 சதுர அடிதான். இல்லாத 90 சதுர அடிக்கு மட்டும் 2,520 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். பட்டி பார்த்த சுவரில் இரண்டு கை எமல்ஷன் அடிக்க லிட்டருக்குச் சுமார் 120 சதுர அடி என்று வைத்தால் ஏழு, எட்டு லிட்டர் போதும். பில்லில் இருபது லிட்டர் என்று இருக்கிறது. பெயிண்டின் பெயரோ ரகமோ அதில் இல்லை. 'உயர்தர வெள்ளை' என்று மட்டும் இருக்கிறது. அவர்கள் விட்டுப்போன ஒரு வாளியை அத்தை மாடியில் தண்ணீர் பிடிக்க வைத்திருந்தார். அதன் உள்விளிம்பில் காய்ந்திருந்த வெள்ளையை நகத்தால் பெயர்த்தபோது அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் வெளிர்நீலம். யார் யார் வீட்டுக்கோ போய் வந்த காலி வாளியில் எதையோ கரைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

புகார் செய்த கதை இன்னும் மோசம். முதல் முறை, முதல் மாதத்தில் பொடி உதிர்வது இயல்பு என்றார்கள். இரண்டாம் முறை, ஓதம் உள்ள சுவருக்கு உத்தரவாதம் பொருந்தாது என்றார்கள். அளவெடுக்க வந்தவர் கண்ணுக்கு அந்த ஓதம் ஏன் தெரியவில்லை என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அந்த இளைஞரை அழைத்தால், "அக்கா, நான் அளவெடுக்குறதோட சரி, கம்பெனில பேசுங்க" என்று வைத்துவிட்டார். கம்பெனியில் கேட்டால், வேலை செய்தவர்கள் தனி ஒப்பந்தக்காரர்கள், அவர்களுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். நான் கொடுத்த ஐந்து நட்சத்திரத்தையே எனக்கு எதிராக எடுத்துக் காட்டினார்கள். கடைசியாக, அடுத்த முறை பதிவு செய்யும்போது 500 ரூபாய் தள்ளுபடி தருவதாகச் செய்தி அனுப்பிவிட்டு, 'புகார் தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். 26,600 ரூபாயைப் பறிகொடுத்தவளுக்கு 500 ரூபாய்த் தள்ளுபடி, அதுவும் அவர்களிடமே மறுபடி போனால்!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு இன்று காலை அழைத்துப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போனால் போதும்.

கவனிக்க வேண்டியவற்றை எழுதுவதாகச் சொன்னேன், இப்போது விரிவாக எழுத முடியவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். பெயிண்டை நீங்களே கடையில் வாங்குங்கள். மூடி உங்கள் கண்ணெதிரில் திறக்கட்டும். நாடாவால் நீங்களே அளந்துகொள்ளுங்கள். பில்லில் பெயிண்டின் பெயரும் ரகமும் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். பிரைமர் அடித்த அன்று சுவரைப் புகைப்படம் எடுத்து வையுங்கள். கதவைச் சாத்த விடாதீர்கள். இரவில், விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் கணக்கை முடிக்காதீர்கள். பகலில் ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்த பிறகு மீதியைக் கொடுங்கள்.

பிள்ளைகளை இப்போது சுவரிலிருந்து ஓரடி தள்ளி உட்காரச் சொல்லியிருக்கிறேன். நெருக்கியடித்து உட்கார்ந்தும் நாலு பேருக்கு இடம் இல்லாமல் அவர்கள் நடையில் உட்காருகிறார்கள். நாலரை மணிக்கு வந்துவிடுவார்கள்; அதற்குள் சுவரோரம் பழைய செய்தித்தாளை ஒட்டி முடிக்க வேண்டும்.