நாயனக்காரன் மேல்தாடைக்கு எலும்பு வெச்ச கதை

மேல்தாடையில இடது பக்கம் ரெண்டு கடவாய்ப்பல் போய் ஒன்பது வருஷம். கழட்டி மாட்டுற செட்டு போட்டுப் பார்த்தேன். சோத்துக்கு அது போதும். ஆனா நான் நாயனம் ஊதுறவன். வாயில வெச்சு ஊதுற சீவாளியைக் கவ்வி மேல் ஸ்தாயிக்குப் போனா செட்டு கழண்டு நாக்கு மேல உக்காரும். ஒரு முகூர்த்தத்துல கெட்டிமேளம் நடுவுலயே அப்படி ஆச்சு. அன்னையோட அது டப்பாவுக்குள்ள போச்சு.

தாடை எலும்புல ஸ்க்ரூ பதிச்சு அதுமேல பல் கேப் மாட்டுற இம்ப்ளாண்ட் போடலாம்னு, வேலூர்ல முதல்ல போன கிளினிக்ல சின்ன எக்ஸ்ரே ஒண்ணு எடுத்துட்டு, "சைனஸ் லிஃப்ட் பண்ணணும், அடுத்த வாரம் வாங்க"ன்னாங்க. சுகர் கேட்டாங்க, பீடி சிகரெட் கேட்டாங்க, தொழில் கேக்கல. அடுத்த வாரம் எனக்கு ஆரணியில ரெண்டு கல்யாணம். நானே சொன்னதுக்கு, "ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தா போதும்"னு பதில்.

அப்புறம்தான் காட்பாடிப் பக்கம் இந்த டாக்டரம்மாகிட்ட போனேன். வாயைத் திறக்கச் சொல்றதுக்கு முன்னாடியே, "என்ன வேலை பாக்கறீங்க ஐயா?"ன்னாங்க. சொன்னதும் பேனாவைக் கீழ வெச்சுட்டாங்க. "அப்போ தேதியை நான் சொல்லக் கூடாது, நீங்கதான் சொல்லணும்."

முப்பரிமாண ஸ்கேன் எடுத்து கம்ப்யூட்டர்ல காட்டினாங்க. கன்னத்துப் பக்கம் மேல்தாடை எலும்புக்குள்ள மூக்கோட சேர்ந்த காத்தறை ஒண்ணு இருக்கு, அதான் சைனஸ். பல் போன எடத்துல அந்த அறை கொஞ்சங் கொஞ்சமா கீழ இறங்கிடுமாம். எனக்கு மிச்சம் இருந்த எலும்பு மூணு மில்லிமீட்டர். வைக்கவேண்டிய ஸ்க்ரூ பத்து மில்லிமீட்டர் நீளம். அஞ்சுக்கு மேல எலும்பு இருந்திருந்தா ஸ்க்ரூவையும் அன்னைக்கே வெச்சிருக்கலாம். எனக்கு முதல்ல அந்த அறையோட அடியைத் தூக்கி எலும்பை ஏத்திட்டு (அதான் சைனஸ் லிஃப்ட்), ஆறேழு மாசம் காத்திருந்துதான் ஸ்க்ரூ. ஆபரேஷன் ஆனா ஆறு வாரம் நாயனத்தைத் தொடக் கூடாது. ஊதுற அழுத்தத்துல தையல் பிரியும், உள்ளே வெச்ச எலும்புத்தூள் நகரும்னு சொன்னாங்க.

ஆடியில கல்யாணம் கிடையாது. அதனால ஆடி முதல் வாரம் குறிச்சோம். ரத்தினகிரி ஆடிக்கிருத்திகை கச்சேரியை மட்டும் தம்பி முறை ஒருத்தனுக்கு விட்டுக்கொடுத்தேன். வயிறு எரிஞ்சுதுதான்.

வைக்கற எலும்புத்தூள் மாட்டெலும்புல செஞ்சதுன்னு முன்கூட்டியே சொல்லி, மனசு ஒப்பலைன்னா செயற்கைத் தூளும் இருக்குன்னாங்க. கோயில் வாசிப்புக்காரன், கொஞ்சம் தயங்கினேன். கூட வந்த என் தவில்காரர் சிரிச்சார். "இன்னா மாமா, தெனம் தோலை அடிச்சுதானே சோறு துன்றோம், எலும்புன்னா மட்டும் இன்னாவாம்?" கையெழுத்துப் போட்டுட்டேன்.

மரத்துப்போற ஊசி மட்டும்தான், முழிச்சுட்டேதான் இருந்தேன். ஒண்ணேகால் மணி நேரம். ஈறைத் திறந்து, கன்னத்துப் பக்கம் எலும்புல சின்ன ஜன்னல் மாதிரி வெட்டி, உள்ளே இருக்கிற மெல்லிசு ஜவ்வைக் கிழியாம மேலே தூக்கி, அந்தக் குழியில தூளை நிரப்பித் தைக்கிறாங்க. ஜவ்வு கிழிஞ்சா வேலையை நிறுத்த வேண்டி வரலாம்னு சொல்லியிருந்தாங்க. அந்த நேரம் டாக்டரம்மாவும் கூட நின்ன உதவியாளரும் பேச்சையே நிறுத்திட்டாங்க. வலி இல்ல. அந்த மெஷினோட கீச்சுதான். என் நாயனத்தோட சுருதி ரெண்டரைக் கட்டை, அது எந்தக் கட்டையிலயும் நிக்கல. ஒரு மணி நேரம் அபஸ்வரம் கேட்டதுதான் எனக்கு நிஜமான அவஸ்தை.

மறுநாள் கண்ணுக்குக் கீழ வரை வீக்கம், மூணாம் நாள் நீலம். மூக்குல ரெண்டு தடவை லேசா ரத்தம் கசிஞ்சுது, அது வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. மூக்கைச் சிந்தக் கூடாது, இளநிகூட ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, தும்மல் வந்தா அடக்காம வாயைத் திறந்து தும்மணும். இந்தக் கடைசிதான் கஷ்டம். வீட்டுல மிளகாய் தாளிச்சா வாசப்படிக்கு ஓடி, ஆன்னு வாயைப் பொளந்துட்டு நிப்பேன். எதிர்வீட்டுப் பாட்டி கொட்டாவின்னு நெனச்சு, "ராத்திரி தூங்கலியாப்பா?"ன்னு கேக்கும். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல. ஆடி மாசம், தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் கூழ். ஆறவெச்சுக் குடிச்சேன்.

குறையும் சொல்லணும். தூளுக்கு மேல மூட வெளியிலேர்ந்து வாங்கி வெக்கிற ஜவ்வுக்குத் தனியா 7,500 ரூபாய்னு நாற்காலியில சாஞ்சதுக்கப்புறம் சொன்னாங்க. முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஸ்கேன் 2,800, ஆபரேஷன் 38,000, ஸ்க்ரூவும் கேப்பும் சேர்ந்து 64,000. கையில கொடுத்த தாள் முழுக்க இங்கிலீஷ், பத்தாவது படிக்கிற என் பொண்ணு படிச்சுச் சொன்னா. மாடிப்படியும் செங்குத்து. தலை கிறுகிறுப்போட இறங்கினா அடுத்து எலும்பு டாக்டர்தான்.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஊத ஆரம்பிச்சேன். மாசியில ஸ்க்ரூ வெச்சாங்க, அதுக்கும் கொஞ்ச நாள் நாயனம் உறைக்குள்ளதான். ஈறுக்குள்ள ஸ்க்ரூவோடவே வைகாசி ஒண்ணாந்தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வாசிச்சேன். ஆனியில கேப் மாட்டியாச்சு, ரெண்டும் அசையல.

வருஷக்கணக்கா வலது பக்கமே மென்ன பழக்கம்தான் இன்னும் போகல. முறுக்கை இப்பவும் நாக்கு தன்னால அந்தப் பக்கம் தள்ளுது.