அபு மேனா போகும் எகிப்து யாத்திரை: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் புனித நாடு யாத்திரை கூட்டிப் போகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் எகிப்து என்றால் கெய்ரோவும் சினாய் மலையும் காட்டிவிட்டு எல்லை தாண்டிவிடுவார்கள். நாங்கள் போன நிறுவனம் அலெக்சாந்திரியாவையும் சேர்த்து, அங்கிருந்து பழைய கிறிஸ்தவ யாத்திரை நகரமான அபு மேனாவின் இடிபாடுகளுக்கு அரை நாள் ஒதுக்கியிருந்தது. அதற்காகவே இவர்களைத் தேர்ந்தெடுத்தேன்.

விசா, விமானம், அறை எல்லாம் ஒழுங்காக இருந்தது. சமையல்காரர் கூடவே வந்ததால் வயதானவர்களுக்கு ராத்திரி ரசம் சோறு கிடைத்தது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அபு மேனா, அலெக்சாந்திரியாவுக்குத் தென்மேற்கே சுமார் 45 கிலோமீட்டரில் பாலைவன ஓரத்தில் இருக்கிறது. கி.பி. 296-ல் வேதசாட்சியாக இறந்தவர் புனித மேனா. அவர் உடலைச் சுமந்து வந்த ஒட்டகம் இந்த இடத்தைத் தாண்டி நகர மறுத்துவிட்டது, அதனால் இங்கேயே அடக்கம் செய்தார்கள் என்பது மரபு. அந்தக் கல்லறை மேல் கோயில் எழும்பி, அதைச் சுற்றிப் பெரிய பசிலிக்கா, திருமுழுக்குக் கூடம், குளியல் கூடங்கள், வீடுகள், பட்டறைகள் என்று ஒரு ஊரே வளர்ந்து, அப்புறம் கைவிடப்பட்டு மண்ணுக்குள் போய்விட்டது. கவுஃப்மான் என்ற ஜெர்மானியர் 1905-ல் வந்து தோண்டிய பிறகுதான் உலகம் மறுபடி பார்த்தது. இப்போது இருப்பதெல்லாம் அடித்தளமும் உடைந்த தூண்களும் குட்டைச் சுவர்களும்தான், ஆனால் அந்தப் பசிலிக்காவின் நீளத்தை நடந்து பார்த்தால் எத்தனை கூட்டம் வந்திருக்கும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

வந்தவர்கள் சின்ன மண் குப்பியில் எண்ணெயோ தண்ணீரோ வாங்கிப் போனார்கள். குப்பியில் இரண்டு ஒட்டகங்களுக்கு நடுவே மேனா கை விரித்து நிற்பார். இங்கிலாந்து வரை இந்தக் குப்பிகள் கிடைத்திருக்கின்றன. வேளாங்கண்ணியில் எண்ணெய் வாங்கி வந்து வீட்டில் வைத்திருக்கிற நம்மவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த யாத்திரையில் நான் மிகவும் மதிப்பது கூட வந்த வழிகாட்டியைத்தான். நாகப்பட்டினத்துக்காரர். உள்ளூர் வழிகாட்டி ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே ஒப்பிக்காமல், எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். 1979-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமான இந்த இடம் 2001-ல், அழியும் ஆபத்தில் உள்ள சின்னங்களின் பட்டியலுக்குப் போனதற்குக் காரணம் தண்ணீர். சுற்றிலும் பாலைவனத்தை விளைநிலமாக்கிப் பாசனம் செய்ததில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிட்டது. அடியில் இருப்பது களிமண். காய்ந்தால் கல், ஊறினால் கூழ். சுவர்கள் சரிந்தன, தரையில் திடீர் பள்ளங்கள் விழுந்தன, கல்லறை அறை இடியாமலிருக்க அதில் மணலைக் கொட்டி நிரப்பி மூடினார்கள். "அம்மா, வாய்க்காலை வெட்டிட்டு வடிகாலை மறந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்று அவர் கேட்டதும், எங்கள் கூட்டத்தில் இருந்த விவசாயிகள் எல்லாரும் குனிந்து அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார்கள். நிலத்தடி நீரை இறக்க அங்கே நிறைய வேலை செய்து, 2025-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

குறை ஒன்று, அது பெரிய குறை. பக்கத்தில் 1959-ல் தொடங்கிய புதிய மார் மேனா மடம் இருக்கிறது; கூட்டமும் கடையும் அங்கேதான். மடம் நல்ல இடம், ஜெபிக்கத் தோன்றுகிற இடம். அதற்காக அரை நாளில் பெரும்பகுதியை அங்கேயே செலவழித்துவிட்டு, உச்சி வெயிலில் இடிபாடுகளுக்குக் கூட்டி வந்து "சீக்கிரம், பஸ் நிக்குது" என்று விரட்டினால் என்ன நியாயம்? திருமுழுக்குத் தொட்டிப் பக்கம் பாதிப்பேர் வரவே இல்லை. வழிகாட்டியைக் குறை சொல்லமாட்டேன், பயணத் திட்டத்தைப் போட்டவர்கள்தான் பொறுப்பு. இன்னொன்று, அந்த மண் குப்பிகளை அலெக்சாந்திரியாவின் கிரேக்க-ரோமானிய அருங்காட்சியகத்தில் பார்க்கலாம், நீண்ட காலம் மூடியிருந்து 2023-ல் திறந்துவிட்டது. அதையும் இவர்கள் சேர்க்கவில்லை.

போகலாமா என்றால், கட்டாயம் போங்கள். ஆனால் முன்பணம் கட்டும்போதே, இடிபாடுகளுக்குக் காலையில் இரண்டு மணி நேரம், அருங்காட்சியகம் தனியாக என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிழல் கிடையாது, தொப்பியும் தண்ணீரும் வேண்டும். தரை மேடும் பள்ளமுமாக இருப்பதால் முட்டி வலி உள்ளவர்கள் செருப்பைத் தவிர்த்து ஷூ போட்டுக்கொள்வது நல்லது.