கரிசல் சகதியில் ரெக்கவரி போர்டுகள்

சேற்றிலோ மணலிலோ புதைந்த வண்டியின் சக்கரத்துக்கடியில் செருகி அதை மீட்பதற்காக ரெக்கவரி போர்டு என்ற பெயரில் விற்கப்படும், பல் வைத்த நைலான் பலகைகளில் ஒரு ஜோடியைச் சென்ற ஆண்டு இணையத்தில் வாங்கினேன். ஆஸ்திரேலியாவின் மேக்ஸ்ட்ராக்ஸ் நிறுவனம் பிரபலமாக்கிய அதே வடிவம்தான். விலை மட்டும் அதைவிட மிகக் குறைவு. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில், கண்மாய்க்கரையை ஒட்டிய வண்டிப்பாதையில் என் சுசுகி ஜிம்னி ஜீப் புதைந்தபோதுதான் அவற்றை முதன்முதலாக உறையிலிருந்து வெளியே எடுத்தேன்.

கரிசல் மண்ணை அறியாதவர்கள், விளம்பரப் படங்களில் மணல்மேட்டிலிருந்து வண்டி ஏறி வருவதைப் பார்த்து இப்பலகைகளை எடைபோட்டுவிடக் கூடாது. மணல் உதிர்ந்து விலகும். நீரைக் குடித்து உப்பிய கரிசலோ டயரின் வெட்டுகளில் அப்பி, புதிய டயரையும் மொட்டை டயராக்கிவிடும். நான்கு சக்கர இயக்கத்தின் 4L நிலையில், அதாவது வேகம் குறைந்து இழுவிசை கூடும் கியரில், போட்டும் நான்கு சக்கரங்களும் இருந்த இடத்திலேயே சுழன்றனவே தவிர, வண்டி அரையடிகூட நகரவில்லை. பக்கத்துப் புஞ்சையில் நின்ற பெரியவர் ஒருவர், "தம்பி, முறுக்காதீங்க, முறுக்க முறுக்க வண்டி கீழதான் போகும்" என்றார். அந்த நேரத்தில் அதைவிடச் சரியான யோசனை வேறில்லை.

டயர்களின் காற்றை 16 பி.எஸ்.ஐ. வரை இறக்கினேன். காற்றுக் குறையும்போது டயர் தட்டையாகித் தரையில் நீளமாகப் படிவதால் பிடிப்புக் கூடுகிறது. முன்னால் ஆழம் எவ்வளவு என்று தெரியாத நிலையில், வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பதென்று முடிவு செய்து, பின்சக்கரங்களுக்குப் பின்னால் பலகைகளைச் செருக முயன்றேன். செருக இடமே இல்லை. பெரியவரின் மண்வெட்டியை இரவல் வாங்கி, சக்கரத்தின் பின்புறச் சேற்றைச் சரிவாக வெட்டி எடுத்து, வண்டியின் அடிவயிற்றில் முட்டி நின்ற களியையும் தோண்டி அகற்றிய பிறகே பலகையின் கூர்முனை டயருக்கடியில் புகுந்தது. இதற்கே முக்கால் மணி நேரம் பிடித்தது. ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் பற்கள் டயரைக் கவ்விய உணர்வு ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது. வண்டி மெல்ல எழுந்து பலகையின் மேல் ஏறியது.

ஆனால் அடுத்த நொடியில் நான் ஒரு தவறு செய்தேன். வேகம் தளர்கிறது என்று பதறிச் சற்று அழுத்தி மிதித்துவிட்டேன். இடப்பக்கச் சக்கரம் பலகையின் மேல் சுழன்ற இரண்டு மூன்று விநாடிகளில் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பின்னர் பார்த்தபோது ஆறு பற்கள் மெழுகுபோல் உருகி மழுங்கியிருந்தன. உராய்வுச் சூட்டில் எந்த நைலான் பலகைக்கும் இது நேரக்கூடியதுதான். ஆயினும் பெட்டியோடு வந்த துண்டுத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது. இரண்டாம் முறை பற்களுக்கிடையே அடைத்திருந்த களியைக் குச்சியால் சுரண்டிவிட்டு, மிதியைத் தொட்டும் தொடாமலும் வைத்தபோது வண்டி கெட்டித்தரைக்கு வந்துவிட்டது.

வேறு இரண்டு குறைகளையும் சொல்ல வேண்டும். வண்டி ஏறிப் போனதும் வலப்பக்கப் பலகை சேற்றுக்குள் அமுங்கி மறைந்துவிட்டது; அதன் துளையில் முன்கூட்டியே ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டியிருந்ததால்தான் இழுத்தெடுக்க முடிந்தது. அந்தக் கயிறு நான் தனியாக வாங்கியது. மேலும், அடியில் பள்ளமிருந்த இடத்தில் அதே பலகை நடுவில் வளைந்து, இன்றுவரை முழுமையாக நிமிரவில்லை.

இன்னொரு வண்டி துணைக்கு வராத தனிப்பயணங்களுக்கு இந்த ஜோடியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். துணை வண்டி இருந்தால் இழுவைக் கயிறு விரைவாக வேலையை முடிக்கும். ஆனால் கயிற்றை வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டுவதற்கான உருண்டைக் கொண்டையில் மாட்டவே கூடாது, அந்தக் கொண்டை உடைந்து தெறித்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. வாங்குபவர்கள் அதே நாளில் நீளப்பிடி போட்ட மண்வெட்டி ஒன்றையும், கெட்டித்தரைக்கு வந்ததும் டயரில் மீண்டும் காற்று நிரப்பச் சிறிய பம்பு ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். பலகைகளை அன்றைக்கே கழுவியும் விடுங்கள். நான் மறுநாள் கழுவ எடுத்தபோது காய்ந்த கரிசலைப் பெயர்க்க உளி தேவைப்பட்டது.