டிங்கர் வேலைக்கு ஏஜன்ட் கராஜா, ஊர்க் கராஜா?

என் ரொயோட்டா அக்சியோ காரின் இடது பின் கதவும் அதையொட்டிய மட்காட்டும் நசுங்கியபோது எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, காப்புறுதி நிறுவனம் அங்கீகரித்த பெரிய கராஜ்; ஏஜன்ட் கராஜ் என்று நான் சொல்வது இதைத்தான். அது இருப்பது கண்டியில். மற்றது, திருகோணமலை நகருக்குள்ளேயே தகரக் கூரைக்குக் கீழே ஒரு டிங்கர் அண்ணையும் ஒரு பெயின்ற் அண்ணையும் சேர்ந்து நடத்தும் கராஜ். நான் ஊர்க் கராஜுக்குத்தான் கொடுத்தேன். இன்னொரு முறை இப்படி நடந்தாலும் அங்கேதான் கொடுப்பேன். காசும் ஒரு காரணம். ஆனால் முடிவைத் தீர்மானித்தது கடற்காற்று.

ஏஜன்ட் கராஜின் பலங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. தூசி புகாத பெயின்ற் பூத், 60 பாகை அளவு சூட்டில் பெயின்றைக் காயவைக்கும் வசதி, நிற இலக்கத்தைக் கொடுத்தால் கணினி பார்த்துக் கலக்கும் பெயின்ற், எழுத்தில் ஒரு உத்தரவாதம். நிறம் பொருந்துவதில் அவர்களை வெல்வது கடினம். ரொயோட்டாவின் 070 என்கிற முத்து வெள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் வெள்ளை, அதன்மேல் முத்துப் பூச்சு, அதற்கும் மேல் கிளியர் என்கிற நிறமற்ற பூச்சு என்று மூன்று படை. நடுப் படையின் தடிப்பு கொஞ்சம் மாறினாலும் வெயிலில் பக்கத்துக் கதவு வேறு வாகனத்துடையது மாதிரித் தெரியும். என்னுடையது 040, சாதாரண வெள்ளை. அதனால் அந்தக் கவலை எனக்குப் பெரிதாக இருக்கவில்லை. உங்களுடையது முத்து வெள்ளையென்றால் இந்தப் பந்தியை இன்னொரு தரம் வாசியுங்கள்.

விலையில் ஊர்க் கராஜ்தான் மலிவு. எனக்குக் கிடைத்த இரண்டு எஸ்ரிமேற்றில் ஊர்க் கராஜின் தொகை மற்றதன் பாதிக்குச் சற்று மேல். ஏஜன்ட் கராஜின் தொகைக்கு மேல் 2024 ஜனவரியில் இருந்து 18 வீதமாகிவிட்ட வற் வரியும் சேரும்.

"காப்புறுதிதானே கட்டப்போகிறது, எங்கே செய்தால் என்ன?" என்று கேட்பவர்கள் 'அவரேஜ்' என்ற விதியைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் சந்தை விலை எங்கேயோ போய்விட்டது. பலருடைய காப்புறுதிப் பத்திரத்தில் இருக்கும் பெறுமதியோ பழையபடியே கிடக்கிறது. சந்தையில் 80 லட்சம் போகும் வாகனத்தை 40 லட்சத்துக்குக் காப்புறுதி செய்திருந்தால், சின்னச் சேதத்துக்கும் பாதித் தொகைதான் தருவோம் என்று நிறுவனம் சொல்லலாம். மீதி உங்கள் கையிலிருந்து. அப்போது பில் எவ்வளவு பெரிதோ, உங்கள் பங்கும் அவ்வளவு பெரிது. ஏஜன்ட் கராஜில் நிறுவனமே நேரே காசு கட்டும் என்பது வசதிதான், மறுக்கவில்லை. ஊர்க் கராஜென்றால் முதலில் எஸ்ரிமேற், பிறகு சேதத்தை மதிப்பிடும் அசெசர் வந்து படம் எடுத்து அனுமதி தருவது, அதற்குப் பிறகுதான் வேலை. காசை நாங்கள் கட்டி, பில்லைக் கொடுத்து மீட்க வேண்டும். என் பத்திரத்தில் வெளிக் கராஜுக்கு இடம் இருந்தது. உங்களுடையதில் இருக்கிறதா என்று கழற்றத் தொடங்குவதற்கு முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிக் கடல்.

திருகோணமலை நகருக்கு ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் துறைமுகம். உவர்மலையிலோ திருக்கடலூரிலோ இரவு நிறுத்திவைத்த வாகனத்தின் கண்ணாடியைக் காலையில் விரலால் தடவினால் பிசுபிசுக்கும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். மழையே இல்லாத மாதத்திலும் தகட்டின் மூட்டுகள் முழுதாகக் காய்வதில்லை.

வாகனம் தொழிற்சாலையில் செய்யப்படும்போது பெரும்பாலான தகடுகளுக்குத் துத்தநாகப் பூச்சு இருக்கும். அதற்கு மேல் பொடி, அதாவது வாகனத்தின் உடற்கூடு முழுவதையும் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒரு பிறைமர் என்கிற அடிப்பூச்சை ஏற்றுவார்கள். அந்தப் பிறைமர் கதவின் உட்பக்கத்துக்கும் மட்காட்டின் மடிப்புக்குள்ளும் போகும். பிறகு எந்தக் கராஜில் பெயின்ற் அடித்தாலும் அது வெளிப்பக்கத்துக்கு மட்டும்தான். கதவை நசுக்கிய அடி உட்பக்கப் பூச்சையும் வெடிக்க வைத்திருக்கும். அதை நிமிர்த்தத் தட்டும்போது இன்னும் கொஞ்சம் உதிரும். வெல்டிங் வைத்தாலோ கேட்கவே வேண்டாம்: துத்தநாகம் 420 பாகையில் உருகி, 907 பாகையில் ஆவியாகிவிடும்; இரும்பு உருக 1,500 பாகைக்குக் கிட்ட வேண்டும். ஆகவே வெல்டிங் வைத்த கோட்டின் இரண்டு பக்கமும், பின்புறம் உட்பட, தகடு வெறுமனே நிற்கும். அந்த இடத்தை யாராவது உள்ளே போய் மூடாவிட்டால் துரு உள்ளேயே தொடங்கி, பெயின்ற் கொப்பளித்து வெளியே வரும்போதுதான் எங்கள் கண்ணில் படும்.

என் மச்சானின் வகன் ஆர் இப்படித்தான் வந்தது. வெளியூரில் ஒரு அங்கீகரித்த கராஜில் செய்த வேலை. நிறம் அச்சொட்டாகப் பொருந்தியிருந்தது, எங்கே அடிபட்டதென்று தேடினாலும் தெரியாது. இரண்டாவது வாடைக்காலம் முடியக் கதவின் அடி மடிப்பில் கொப்புளம். கழற்றிப் பார்த்தால் உட்பக்கத்தில் எதுவுமே பூசப்படவில்லை. மலைநாட்டில் ஓடும் வாகனமென்றால் அதே வேலை பல வருடம் தாங்கியிருக்கும். இங்கே தாங்கவில்லை.

மட்காட் விடயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. கதவு போல்ட்டில் நிற்பது, கழற்றி மாற்றலாம். பின் மட்காட் பொடியோடு ஒட்டிப் பிறந்தது. பெரிய கராஜின் எஸ்ரிமேற்றில் அதை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் வைப்பதாக எழுதியிருந்தார்கள். அது தவறான முறை என்று நான் சொல்லமாட்டேன். தகடு கிழிந்திருந்தால் அதுதான் வழி. ஆனால் என்னுடையது கிழியவில்லை, உள்ளே போயிருந்தது, அவ்வளவுதான். வெட்டினால் தொழிற்சாலை மூட்டு முழுவதும் போய், அந்த நீளத்துக்கெல்லாம் புதிதாகத் துருவுக்கு இடம் திறக்கும். எங்கள் டிங்கர் அண்ணை உட்பக்கமாகக் கைவிட்டுத் தட்டியே எடுத்தார். பெரிய கராஜில் இப்படி மணிக்கணக்காக ஒரு தகட்டோடு மினக்கெட ஆள் ஒதுக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். கதவின் சட்டமே வளைந்துவிட்டதால், பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் அதே நிறத்தில் ஜப்பானில் இருந்து வந்த பழைய கதவு ஒன்றை வாங்கி பஸ்ஸில் போட்டு எடுப்பித்தோம். அதன் உட்பக்கத்தில் தொழிற்சாலைப் பூச்சு கீறல்கூட இல்லாமல் இருந்தது. துருவைப் பொறுத்தவரை, தட்டி நிமிர்த்திய சொந்தக் கதவைவிட நல்ல பழைய கதவு மேல்.

இதையெல்லாம் நான் எப்படிச் சொல்கிறேன் என்றால், நேரே பார்த்தேன். கராஜ் இருப்பது நான் வேலைக்குப் போகிற வழியில்தான். டிங்கர் அண்ணையே முதல் நாள் சொன்னார்:

"தம்பி, பட்டி போட முந்தி ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ. அதுக்குப் பிறகு உள்ளுக்கு என்ன இருக்கெண்டு எனக்கே தெரியாது."

இந்தப் பேச்சுக்காகவே அந்தக் கராஜை விடமாட்டேன். பட்டி என்பது மேடு பள்ளத்தை நிரவப் பூசும் பசை, ஈரத்தை உறிஞ்சும் சாமான். துருவின் மேலோ, மூன்று மில்லிமீற்றரைவிடத் தடிப்பாகவோ அப்பினால் கடற்கரை ஊரில் அது பஞ்சு மாதிரி. நான் போனபோது தகடு பளிச்சென்று வெறுமையாக இருந்தது. விரலால் தடவினால் மேடு பள்ளம் கொஞ்சம்தான். பட்டிக்கு முதல் எபொக்சி பிறைமர் அடித்தார்கள். பின் விளக்கைக் கழற்றிய துவாரத்தால் மட்காட்டின் உட்பக்கத்துக்குத் துருத்தடுப்பு மெழுகு அடிக்கச் சொன்னேன். அது அவர்களுடைய வழக்கமான வேலையில் இல்லை, மெழுகு டின்னை நானே வாங்கிக் கொடுத்தேன். முகம் சுளிக்காமல் அடித்தார்கள். கண்டியில் ஒரு வேலை ஆணைப் படிவத்தில் இதை எழுதிக் கொடுத்திருக்கலாம்தான். ஆனால் அடித்தார்களா என்று பார்க்க 180 கிலோமீற்றர் யார் போவது? வாகனம் கைக்கு வரும்போது பளபளப்பு ஒன்றுதான் தெரியும்.

ஊர்க் கராஜ் என்றதும் எதற்கும் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காஸ் வெல்டிங் மட்டும் வைத்திருக்கும் இடத்துக்கு நான் கொடுக்கமாட்டேன். அந்தச் சூடு அகலமாகப் பரவித் தகட்டை நெளிய வைக்கும், மின்சாரத்தால் கம்பியை உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங் வேண்டும். கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூணைச் சூடாக்கி நிமிர்த்துகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இப்போதைய வாகனங்களில் அது விசேட உறுதி ஏற்றிய உருக்கு, சூடு பட்டால் அந்த உறுதி போய்விடும். அடுத்த விபத்தில் பக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்ற வேண்டியது அந்தத் தூண்.

பூத் இல்லாத குறையையும் மறைக்க முடியாது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பெயின்றில் தூசி ஒட்டும், வாடை மழையில் ஈரம் பிடித்துக் கிளியர் மங்கும். எங்கள் பெயின்ற் அண்ணை நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, சுற்றிவரப் பொலித்தீன் கட்டி, காற்று எழும்புவதற்கு முதல் விடியற்காலையில் அடித்தார். கிட்டப்போய்ப் பார்த்தால் மட்காட்டில் சின்னத் தூசிப் புள்ளிகள் இருக்கின்றன. எனக்கு அது சம்மதம். அவசரமில்லாத வேலையென்றால் மாசி, பங்குனியில் கொடுங்கள். காற்றும் மழையும் இரண்டும் ஓய்ந்திருக்கும்.

விற்கும்போது என்ன ஆகும் என்ற கேள்விக்கு என்னிடம் பாதிப் பதில்தான். வாங்க வருபவர் பெயின்ற் தடிப்பு அளக்கும் கருவியோடு வருவார்; எந்தக் கராஜில் அடித்திருந்தாலும் அந்தக் கருவி காட்டிக்கொடுக்கும். ஏஜன்டின் பில் இருந்தால் பேரத்தில் கொஞ்சம் உதவும் போலிருக்கிறது. நான் அதற்குப் பதிலாக வெறுந்தகட்டில் இருந்து பெயின்ற் வரை படிப்படியாக எடுத்த படங்களை வைத்திருக்கிறேன். அதை எத்தனை பேர் மதிப்பார்கள் என்பது விற்கும்போதுதான் தெரியும். என் மட்காட்டும் இதுவரை ஒரே ஒரு வாடைக்காலத்தைத்தான் கண்டிருக்கிறது. இன்னும் கொப்புளம் இல்லை.

என்னுடையது 2013 அக்சியோ, ஹைபிரிட் இல்லை, ரேடார் கமரா எதுவும் இல்லை. அக்வா, பிறியஸ் போன்ற ஹைபிரிட்டில் உயர் அழுத்த பற்றரியைத் துண்டிக்கத் தெரியாதவர் வெல்டிங் வைப்பதை நினைக்கவே பயமாக இருக்கிறது. முன் பம்பரிலோ நிறுவனச் சின்னத்துக்குப் பின்னாலோ ரேடார் உள்ள வாகனத்தில் பட்டியின் தடிப்பே அதன் பார்வையைக் கெடுக்கும், திருத்திய பிறகு அளவுதிருத்தமும் வேண்டும். எயார்பாக் வெடித்த வாகனமும் அப்படித்தான். இந்த மூன்றுக்கும் நான் ஏஜன்டிடமே போவேன். அங்கே உட்பக்கத்துக்கு மெழுகு அடிக்கவேண்டும் என்று எழுத்தில் கேட்பேன். ஊருக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாகக் கதவின் அடியில் தண்ணீர் வடியும் துவாரங்களைப் பார்ப்பேன். பெயின்றோ சீலரோ அவற்றை அடைத்திருந்தால், ஒரு மெல்லிய குச்சியால் அன்றைக்கே திறந்துவிட வேண்டும்.