ஸ்டோமா பை விற்பவர் "தோல் எரிவது சகஜம்" என்றால் நம்பாதீர்கள்

சிறுகுடலை வயிற்றின் வழியாக வெளியே கொண்டுவரும் ஆபரேஷன்தான் இலியோஸ்டமி. அந்தத் திறப்பின் பெயர் ஸ்டோமா, கழிவு அதன்மேல் ஒட்டிய பையில் சேரும். அப்பாவுக்கு இலியோஸ்டமி ஆன பிறகு பை சப்ளை செய்ய வந்த ஒரு விற்பனையாளரால் அவர் பட்ட வேதனை கொஞ்சநஞ்சமல்ல. வீட்டில் யாருக்காவது ஸ்டோமா இருந்தால் தயவுசெய்து படியுங்கள்.

அந்த விற்பனையாளர் எங்கள் தலையில் கட்டியது ஏற்கெனவே துளை போட்டு வரும் பிளேட் (ஸ்டோமாவைச் சுற்றித் தோலில் ஒட்டி, பையைத் தாங்கும் பகுதி). "எல்லாருக்கும் இதே சைஸ்தான், வெட்டுகிற வேலையே இல்லை" என்றார். ஸ்டோமாவை அளந்துகூடப் பார்க்கவில்லை. ஆபரேஷன் ஆன புதிதில் ஸ்டோமா வீங்கியிருக்கும். 6 முதல் 8 வாரம் வரை சுருங்கிக்கொண்டே வரும். அதனால் அந்த நாட்களில் வாரம் ஒருமுறையாவது அளந்து, அதற்கேற்பத் துளையை வெட்ட வேண்டும். ஸ்டோமாவைச் சுற்றி 2-3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. இதைத் தொழிலாகச் செய்கிறவருக்கு இது தெரியாதா?

சிறுகுடலிலிருந்து வருவது நீர்த்த கழிவு. அதில் செரிமான என்சைம்கள் உண்டு. மூடப்படாத தோலில் பட்டால் அரித்துவிடும். பிளேட்டைக் கழற்றியபோது ஸ்டோமாவுக்குக் கீழே பிறை வடிவில் தோல் உரிந்து, நீர் கசிந்து, ரத்தச் சிவப்பாக இருந்தது. போன் செய்தால், "ஆரம்பத்தில் அப்படித்தான் சார் இருக்கும்" என்று ஒரு கிரீமை அனுப்பினார். எண்ணெய்ப் பசை உள்ள கிரீம்மேல் பிளேட் எப்படி ஒட்டும்? மறுபடி கசிவு. அடுத்து டேப். கசிவை டேப் போட்டு மூடினால் கழிவு உள்ளேயே தேங்கி இன்னும் அரிக்கும். அதற்கும் அடுத்து பேஸ்ட். அதில் ஆல்கஹால் இருந்தது. புண்ணில் பட்டதும் அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு துடித்தார். பேஸ்ட் பள்ளத்தை நிரப்பத்தான், ஒட்டுவதற்கான பசை அல்ல என்பதைக்கூட விற்பனையாளர் சொல்லவில்லை. ஒவ்வொரு புகாருக்கும் ஒரு புதுப் பொருள், ஒரு புது பில்.

கடைசியில் ஸ்டோமா நர்ஸ் ஒருவரிடம் போனோம். அவர் முதலில் கேட்டது கழற்றிய பழைய பிளேட்டை. அதன் பின்பக்கம் எங்கே கரைந்து கறை படிந்திருக்கிறதோ, அந்த வழியாகத்தான் கசிகிறது என்று காட்டினார். அளந்து வெட்டினார். வெறும் தண்ணீரால் துடைத்து, ஈரப்புண்மேல் மட்டும் ஸ்டோமா பவுடரைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு, பிளேட்டை ஒட்டி உள்ளங்கைச் சூட்டில் சற்று அழுத்திப் பிடித்தார். வேறொன்றும் இல்லை. எரிச்சல் நின்றது, தோலும் மெல்ல ஆறியது.

ஸ்டோமாவைச் சுற்றியுள்ள தோல், வயிற்றின் மறுபக்கத் தோலைப் போலவே இருக்க வேண்டும். பிளேட்டுக்கு அடியில் எரிந்தாலோ அரித்தாலோ மாற்றும் நாள் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கழற்றிப் பாருங்கள். சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளும் அரிப்பும் இருந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். சோப்பு, டெட்டால், வாசனை போட்ட ஈரத் துடைப்புத் தாள் எதுவும் வேண்டாம். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்துவிடுங்கள். கனத்தில் பிளேட் இழுபடும்.

பிரிக்காத பெட்டிகளை அந்த விற்பனையாளரிடம் திருப்பிக் கொடுத்தபோது, "மருத்துவப் பொருள், வாங்க மாட்டோம்" என்று கைவிரித்துவிட்டார். அதனால் முதலில் சாம்பிள் கேளுங்கள். தராதவரிடம் பெட்டியாக வாங்காதீர்கள்.