குளுவாங்கில் பிசிடி சர்வீஸ்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வீட்டிலேயே செய்யலாம்

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த குளுவாங்கில் டைவிங் சாமான் சர்வீஸ் கடையா என்று ஆச்சரியப்பட வேண்டாம். தியோமான் தீவுக்குப் படகேற மெர்சிங் போகிறவர்களில் பலர் இந்த ஊர் வழியாகத்தான் போய் வருகிறார்கள். மெர்சிங் சாலைப் பக்கத்துக் கடைவரிசையில் ஒரு ஷட்டர் அகலத்துக்கு இருக்கிறது இந்தக் கடை. பிசிடி, அதாவது காற்றடைத்து மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேல்சட்டை, அதைக் கழுவித் தருகிறார்கள், அதில் காற்றை ஏற்றி இறக்கும் பட்டன்கள் உள்ள இன்ஃபிளேட்டரைக் கழற்றி சர்வீஸ் செய்கிறார்கள், கசிவு பார்க்கிறார்கள். மூன்றிலும் ஒரே கைத்திறனை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

காசு கொடுக்க வேண்டிய வேலை இன்ஃபிளேட்டர். அதில் இந்தக் கடையைக் குறை சொல்ல முடியாது. சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரிலிருந்து வரும் லோ பிரஷர் ஹோஸில் ஏறக்குறைய 9 முதல் 10 பார் அழுத்தம் நிற்கிறது. அதைத் தடுத்து வைத்திருப்பது விரல்நுனி அளவு வால்வு கோர் ஒன்று. அதன் தண்டில் உப்பு படிந்தால், அழுத்திய பட்டன் திரும்பி வராது. வந்தாலும் முழுசாக மூடாது. காற்று தானாகவே பிசிடியின் காற்றுப்பைக்குள் ஏறும். மேலே போகப் போக அந்தக் காற்று விரிந்து இன்னும் வேகமாகத் தூக்கும். ஆழத்தில் இது நடந்தால் ஹோஸைப் பிடுங்கிவிட்டு, டம்ப் வால்வை இழுத்துக் காற்றை வெளியேற்றுவது தவிர வேறு வழியில்லை. ஹோஸ் மாட்டும் கப்ளிங் உப்பில் இறுகியிருந்தால் அந்த வழியும் அடைபடும்.

இங்கே பட்டன், ஸ்பிரிங், கோர், ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் எல்லாவற்றையும் கழற்றி வெள்ளைத் தட்டில் கழற்றிய வரிசையிலேயே அடுக்குகிறார்கள். உலோகப் பாகங்கள் மட்டும் வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கிண்ணத்தில் இறங்குகின்றன. பச்சைப் படிவு கரைந்ததும் எடுத்து நல்ல தண்ணீரில் அலசிவிடுகிறார்கள். ஊற விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் குரோம் பூச்சு போய்விடும் என்பது அங்கே வேலை செய்யும் பையனுக்குத் தெரிந்திருக்கிறது. ஓ-ரிங்கைக் கிளப்ப எஃகு ஊசி எடுப்பதில்லை, பிளாஸ்டிக் குச்சிதான். பள்ளத்தில் ஒரு கீறல் விழுந்தால் புது ஓ-ரிங் போட்டும் கசியும். சிலிகான் கிரீஸ் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் தடவுகிறார்கள். திட்டாக அப்பினால் மணல் வந்து ஒட்டும். துருநீக்கி ஸ்பிரே மேசையில் எங்கும் இல்லை, நல்லது. பெட்ரோலியம் கலந்தது ரப்பரை உப்ப வைக்கும். வால்வு கோரைச் சுத்தம் செய்து திரும்பப் போடாமல் புதிதே மாட்டுகிறார்கள். பழைய பாகங்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுக்கிறார்கள். கேட்காமலே கொடுக்கும் கடைகள் குறைவு.

இன்ஃபிளேட்டரைப் பையோடு இணைக்கும் மடிப்புக் குழாயையும் கையால் நீட்டிப் பார்க்கிறார்கள். வெடிப்பு மடிப்பின் அடியில்தான் தொடங்கும், சும்மா தொங்கும்போது கண்ணில் படாது. குழாயின் இரு முனையிலும் உள்ள கேபிள் டை மஞ்சளித்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது.

கழுவும் வேலைக்கு வருவோம். வெளியே தூரிகை போட்டுத் தேய்த்து, பக்கிள், டி-ரிங், வெயிட் பாக்கெட் இடுக்கு மணல் எல்லாம் எடுத்து, பார்க்கப் புதிதுபோல் தருகிறார்கள். ஆனால் பிசிடி கெடுவது உள்ளேயிருந்து. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. வாய்க்குழாய் வழியாகவும் டம்ப் வால்வு வழியாகவும் உள்ளே போகும் தண்ணீரில் கால் லிட்டர் தங்கினாலே 8, 9 கிராம் உப்பு மிஞ்சும். காய்ந்ததும் அது கூரான படிகமாகிப் பையின் ஒட்டுத்தையலை அராவும், வால்வு படிந்து மூடும் இடமான சீட்டில் போய் உட்காரும். இவ்வளவு தெரிந்த கடை, உள்ளே ஒரே ஒரு தரம் தண்ணீர் விட்டுக் கவிழ்த்துவிட்டு முடித்துவிடுகிறது. போதாது.

இதை வீட்டுக் குழாயடியிலேயே செய்யலாம். வாய்க்குழாயில் தண்ணீர்க் குழாயை வைத்து, வெளியேற்றும் பட்டனை அழுத்தியபடி பையில் மூன்றில் ஒரு பங்கு நிரப்புங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் உப்பு சீக்கிரம் கரையும். கை பொறுக்காத சூடு கூடாது. வாயால் ஊதி உப்ப வைத்து, தலைகீழாகவும் பக்கவாட்டிலும் நன்றாகக் குலுக்குங்கள். ஒரு தடவை மடிப்புக் குழாய் வழியாக, அடுத்த தடவை கீழ் டம்ப் வால்வு வழியாக, இன்னொரு தடவை தோள் வால்வு வழியாக வடியுங்கள். அப்போதுதான் மூன்று சீட்டும் கழுவப்படும். வெளியே வரும் தண்ணீர் நாக்கில் கரிக்கக் கூடாது. கிருமிநாசினி சேர்த்த சுற்று என்றால் நாக்கில் வைக்க வேண்டாம்.

கிருமிநாசினி விஷயத்தில் கடையின் மேல் கோபமே வருகிறது. தரை துடைக்கும் வாசனை மருந்தை உள்ளே ஊற்றுகிறார்கள். அந்தப் பையிலிருந்து அவசரத்தில் ஒருவர் மூச்சிழுக்க நேர்ந்தால் என்ன ஆவது? டைவிங் சாமானுக்கென்று விற்கும் கிருமிநாசினியை லேபிளில் சொன்ன அளவில், சொன்ன நேரம் வைத்து, பிறகு இரண்டு தடவை அலச வேண்டும். குளோராக்ஸ் பிளீச்சும் வேண்டாம்; துணி வெளுக்கும், பையின் பூச்சும் பாழாகும்.

காயவைக்கும் இடம் அதைவிட மோசம். கடை முன்னால் ஐந்தடி நடைபாதையில், மத்தியான வெயிலில், மோட்டார் சைக்கிள் புகைக்கு நேராகத் தொங்குகிறது. வெயில் நைலானையும் ரப்பரையும் சேர்த்தே தின்னும். ஈரத்தோடு வாங்கி வந்து வீட்டில் நிழலில், பாதி காற்றடைத்து, மடிப்புக் குழாய் கீழ்நோக்கி இருக்கும்படி மின்விசிறிக்கு எதிரே மாட்டுங்கள். மறுநாள் பட்டனை அழுத்தினால் இன்னும் ஒரு கை தண்ணீர் கொட்டும். நம் ஊர் ஈரக்காற்றில் உள்பக்கம் காய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அவசரப்பட்டு அலமாரியில் மடித்து வைத்தால் பூஞ்சைதான்.

கசிவுப் பரிசோதனைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குகிறார்கள். மெதுவான கசிவு பத்து நிமிடத்தில் தெரியாது. மிகையழுத்த வால்வு சீறும்வரை அடைத்து இரவு முழுக்க விட வேண்டும். காலையில் கொஞ்சம் தொய்ந்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம், இரவுக் குளிர்ச்சியிலும் காற்று சுருங்கும். அமுக்கினால் பொதுக்கென்று போனால்தான் கசிவு. பாத்திரம் கழுவும் சோப்பு நுரையை வால்வைச் சுற்றியும் தையலிலும் தடவினால் குமிழி இடத்தைக் காட்டும். பெரும்பாலும் குற்றவாளி டம்ப் வால்வு சீட்டில் சிக்கிய ஒரு மணல், ஒரு முடி. மூடியைக் கையால் திருகிக் கழற்றி, சீட்டை மெல்லிய துணியால் துடைத்து, மரை கோணாமல் கையிறுக்கமாக மட்டும் மூடினால் சரியாகிவிடும். ஸ்பிரிங் தெறித்து விழும், கீழே ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் பருவமழை தொடங்கித் தீவுகள் அடங்கியதும் கடையில் கூட்டம் சேர்கிறது. அப்போது சர்வீஸுக்குக் கொடுப்பதில் அர்த்தமில்லை. நன்றாக அலசி, காயவைத்து, பாதி காற்றோடு மாட்டி வைத்தால் போதும். பிப்ரவரியில், கடல் திறக்கும் முன், இன்ஃபிளேட்டரை மட்டும் கொடுங்கள். புது ஓ-ரிங் நான்கு மாதம் அலமாரியில் கிடந்து வீணாகாது, வேலையும் நிதானமாக நடக்கும்.

சுவரில் விலைப்பட்டியல் கிடையாது. “உள்ள தண்ணி ஊத்தி அலசினீங்களா அண்ணே?” என்று கேட்டு, பதிலைப் பொறுத்துக் கழுவும் கூலியையும் சேர்த்துச் சொல்கிறார்கள். இன்ஃபிளேட்டர் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூலி தனி, பாகம் தனி என்று பிரித்துக் கேளுங்கள். பழைய மாடலுக்கு வால்வு கோர் கையிருப்பில் இருப்பதில்லை. இன்ஃபிளேட்டரின் பின்பக்கம் தெரியும்படி ஒரு படம் எடுத்து முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பாகம் வந்த பிறகு ஒரே நடையில் வேலையை முடித்துக்கொள்ளலாம்.